கஜாவுக்குத் தப்பிய மரத்தில் மாட்டிய ட்ரோன்

“தம்பி, காய் பறிக்கக் கூப்பிட்டீங்களா, பொம்மை பறிக்கக் கூப்பிட்டீங்களா?” என்று மரத்தின் உச்சியிலிருந்து மரம் ஏறும் அண்ணன் கேட்டார். கீழே நான், மாமா, பக்கத்துத் தோப்புக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வந்த நாலைந்து பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து நின்றோம். கொண்டைக்குள் இரண்டு மட்டைகளுக்கு நடுவே, நான் மூன்று மாதம் உட்கார்ந்து கட்டிய ட்ரோன் தலைகீழாகச் செருகிக் கிடந்தது. அதன் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி, ஒரு பயம். நிம்மதி, பேட்டரி இன்னும் தீப்பிடிக்கவில்லை என்பதற்கு. பயம், பேட்டரி இன்னும் இணைப்பில் இருக்கிறதே என்பதற்கு.

“அண்ணே, இறக்கைல கை வைக்காதீங்க. நடுவுல மஞ்சளா ஒரு பிளக் இருக்கும் பாருங்க, முதல்ல அதப் புடுங்கிடுங்க!” என்று கத்தினேன். அவர் ஒரு காலை மட்டையில் ஊன்றி, அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

நான் மோட்டார் காயில் கட்டுபவன். பேராவூரணிப் பக்கம் சின்னக் கடை. கிணற்று மோட்டார், நீர்மூழ்கி மோட்டார், மிக்சி, சீலிங் ஃபேன் என்று எரிந்துபோனதெல்லாம் என் மேசைக்கு வரும். ஒருநாள் கல்யாண வீட்டில் படம் எடுக்கும் பையன் ஒருவன் கட்டைவிரல் அளவு மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, “இதுக்குக் காயில் கட்ட முடியுமாண்ணே?” என்றான். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மூன்று வயர். மூன்று வயர் என்றால் த்ரீ ஃபேஸ்! நம் பம்ப்செட்டின் பேரப்பிள்ளை மாதிரி உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. கிறுக்கு பிடித்தது அன்றைக்குத்தான்.

சும்மா கிறுக்கு மட்டும் இல்லை, ஒரு தேவையும் இருந்தது. மாமாவின் தென்னந்தோப்பில் சுருள் வெள்ளை ஈ புகுந்திருந்தது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி, இப்போது தென்னை இருக்கும் ஊரெல்லாம் இருக்கிறது. ஓலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற கழிவு கீழ் மட்டையின் மேற்பரப்பில் விழ, அதில் கரும்பூசணம் படரும். கீழே நின்று பார்த்தால் ஓலையின் அடிப்பக்கம்தான் தெரியும். எந்த மரத்தில் கருமை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால்தான் புரியும். மரம் ஏறுகிற ஆளுக்கோ ஊரில் பஞ்சம். ஒரு ட்ரோன் இருந்தால் அரை மணி நேரத்தில் தோப்பைப் பார்த்துவிடலாமே என்று மாமாவிடம் சொன்னேன். “செய் மாப்ளே, ஆனா என்கிட்ட காசு கேக்காத” என்றார்.

முழு ட்ரோனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் பாகங்களாக வாங்கினேன். எஃப்450 என்கிற சிவப்பு வெள்ளை பிளாஸ்டிக் சட்டம், 2212 மோட்டார் நாலு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி நாலு, பத்து அங்குல இறக்கைகள், ட்ரோனுக்கு மூளையான பிக்ஸ்ஹாக் கன்ட்ரோலர், ஜிபிஎஸ், மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, ஃப்ளைஸ்கை ரிமோட். அடிபட்டால் மோட்டாரைத் தாங்கும் கை தனியாகக் கழன்றுவரும், மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான் இந்தச் சட்டத்தை எடுத்தேன். அந்த யோசனை பிற்பாடு பலித்தது.

மோட்டாரில் 920 கேவி என்று அச்சிட்டிருக்கும். அது கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று கணக்கு. 11.1 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் 10,000 சுற்றைத் தாண்டும். நம் பம்ப்செட் பெயர்ப்பலகையில் 2880 என்றுதான் இருக்கும். அதைவிட மூன்றரை மடங்கு வேகத்தில், முனை கூர்மையான பிளாஸ்டிக் கத்தி சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டால் போதும், கை தானாகப் பின்வாங்கும். என் இடது சுட்டுவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. “ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சுற்றவிட்டுப் பார்ப்போம்” என்று மேசையில் இறக்கையோடு சோதித்த நாளின் பரிசு. அதற்கப்புறம் மேசைக்கு வந்தால் முதல் வேலை நாலு இறக்கையையும் கழற்றி டப்பாவில் போடுவது.

கட்டி முடித்து, பக்கத்து மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். பேட்டரி, கேமரா எல்லாம் சேர்த்து 1 கிலோ 380 கிராம். கடைக்காரர், “கிலோ என்ன விலை?” என்றார். இந்த எடையை வைத்துத்தான் சட்டம் என்னிடம் பேசும். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நான் மைக்ரோ. மைக்ரோவைக் காசு வாங்காமல் சொந்தத்துக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. காசு வாங்கினால் வேண்டும். என் கடைக்கு மோட்டார் கொண்டுவந்த பையனுக்கு அது தெரியவே தெரியாது. பத்தாம் வகுப்பு தேறி, 18 வயது நிரம்பி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்தால் 10 வருடத்துக்குச் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். அவனிடம் சொன்னேன், “அப்ப முகூர்த்த சீசன் முடியட்டும்ணே” என்றான்.

வீட்டில் கட்டியதற்கு இன்னொரு சலுகையும் உண்டு. 25 கிலோவுக்கு மிகாமல், படிப்புக்கோ சோதனைக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் இயக்குகிற மாடலுக்கு வகைச் சான்று (இந்த மாடல் பறக்கத் தகுதியானது என்கிற அரசுச் சான்று) தேவையில்லை. ஆனால் பதிவு எண் வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) தளத்தில் 100 ரூபாய் கட்டணம். கன்ட்ரோலரின் வரிசை எண்ணும் தரையில் இருக்கும் ரிமோட்டின் வரிசை எண்ணும் அந்தப் பதிவு எண்ணோடு சேர்ந்துவிடும், வண்டிக்கு எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் மாதிரி. பிறகு கன்ட்ரோலரையோ ரிமோட்டையோ மாற்றினால் புது எண்ணைத் தளத்தில் ஏற்ற வேண்டும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் உண்டு. இதையெல்லாம் செய்தேன். “கண்ணுக்குத் தெரிகிற தூரம்” என்ற வரியை மட்டும் படித்தேன், மனதில் வாங்கவில்லை.

இனி அந்த மாலை. தோப்புக்குப் பின்னால் மாமாவுக்கு நடவு வயல் இருக்கிறது. தோப்பைப் பார்த்து முடித்ததும், அப்படியே வயலையும் ஒரு சுற்று பார்ப்போமே என்று தோப்பைத் தாண்டி அனுப்பினேன். கையில் சின்னத் திரை இருந்தது, படம் வந்துகொண்டிருந்தது. ட்ரோனைக் கண்ணால் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தேன். வரப்பை அருகில் பார்க்கலாம் என்று 8 மீட்டருக்கு இறக்கினேன். திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல். அப்புறம் ரிமோட் “பீப் பீப்” என்றது. அப்புறம் மேலே எங்கோ ஓலை சரசரக்கும் சத்தம். பொத்தென்று விழும் சத்தம் மட்டும் வரவில்லை.

விளக்கம் அன்று இரவு மெமரி கார்டில் கிடைத்தது. கன்ட்ரோலரில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருள் பறக்கும் ஒவ்வொரு கணத்தையும் எழுதி வைக்கும். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்து எந்தக் காயில் முதலில் போனது என்று கண்டுபிடிப்பது மாதிரிதான் இதுவும், ஆனால் இது பொய் சொல்லாத நோட்டுப் புத்தகம். முதலில் பிழை 5, குறி 1. ரேடியோ தொடர்பு போய்விட்டது. நியாயம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தண்ணீர் ஆகாது, தென்னந்தோப்பு என்பது தண்ணீரைத் தூக்கி நிறுத்திய சுவர். தொடர்பு போனதும் ட்ரோன் நான் சொல்லி வைத்தபடி வீடு திரும்பும் முறைக்கு மாறியது. 8 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு ஏறியது. பிறகு கிளம்பிய இடத்தை நோக்கி நேர்கோட்டில் வந்தது. உயர வரைபடம் கோடு போட்டது மாதிரி 15இல் தட்டையாக ஓடுகிறது. திடீரென்று சாய்வு வரைபடம் எகிறுகிறது. பிழை 12, குறி 1. விபத்து என்று தானே உணர்ந்து மோட்டார்களை நிறுத்திக்கொண்டது. அண்ணன் கைவைத்தபோது இறக்கை சுற்றாமல் இருந்தது அதனால்தான்.

15 மீட்டர் என்பது நான் யோசித்து வைத்த எண் இல்லை. மென்பொருளோடு வந்த எண். மாற்றவில்லை, ஏனென்றால் தோப்பைப் பார்த்தால் அது போதும் போலத்தான் இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறி உள்ளே வந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னை சாய்ந்த கதை தெரிந்ததுதான். மாமாவின் தோப்பில் முக்கால்வாசி போயிற்று. இப்போது நிற்பவை அதற்குப் பிறகு வைத்த பிள்ளைகள், உச்சி ஓலையோடு சேர்த்தாலும் ஏழெட்டு மீட்டரைத் தாண்டாது. நான் அவற்றைப் பார்த்து 15 தாராளம் என்று இருந்துவிட்டேன். நடுவே புயலுக்குத் தப்பிய பழைய நெட்டை மரங்கள் நாலு நிற்கின்றன. எப்படியும் 20 மீட்டர் இருக்கும். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவை, அதனாலேயே கணக்கில் விட்டுப்போயின. ட்ரோன் வந்த நேர்கோட்டில் அவற்றில் ஒன்று நின்றது.

“கஜாவே ஒண்ணும் பண்ண முடியல, ஒன் பொம்ம வந்து சாய்க்கப் பாக்குது” என்றார் மாமா.

சேதப் பட்டியல் இது. இரண்டு கை முறிவு, மூன்று இறக்கை போச்சு, ஜிபிஎஸ் நிற்கும் கம்பம் ஒடிந்தது, ஒரு மோட்டாரின் தண்டு வளைந்தது, பேட்டரியின் ஓரத்தில் நசுங்கல்.

பேட்டரியை முதலில் கவனித்தேன். உப்பவில்லை, ஆனால் நசுங்கிய லித்தியம் பேட்டரியை “பார்க்க நல்லாத்தான் இருக்கு” என்று மறுபடி சார்ஜ் போடுவது வீட்டுக்குக் கொள்ளி வைக்கும் வேலை. உள்ளே அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால், எப்போது என்று சொல்லாமல் பற்றும். கொல்லையில், கூரைக்கும் வைக்கோல் போருக்கும் தூரமாக, மணல் நிரப்பிய பழைய பெயிண்ட் வாளியில் வைத்து, பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்பை அதில் மாட்டி விட்டேன். பல்பு மங்கி மங்கி அணைய ராத்திரி முழுக்க ஆயிற்று. மறுநாள் முழுதாகச் செத்த பேட்டரியை மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தேன். வாளி இப்போதும் சார்ஜ் போடும் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல பேட்டரிக்கும் ஒழுங்கு ஒன்றுதான்: முழு சார்ஜ் செல்லுக்கு 4.2 வோல்ட், இறக்கும்போது 3.5க்குக் கீழே போகக்கூடாது, ஒரு வாரம் சும்மா கிடக்கப்போகிறது என்றால் 3.8இல் வைக்க வேண்டும். முழு சார்ஜோடு அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் கொஞ்ச நாளில் தலையணை மாதிரி உப்பிவிடும்.

கை மாற்றுவது நாலு திருகு வேலை. மோட்டாரில்தான் வம்பு. வளைந்த தண்டை மாற்றப் பிரித்தபோது, ஓலையில் சிக்கித் திணறியதில் காயிலின் எனாமலும் கருகியிருந்ததைப் பார்த்தேன். புது மோட்டார் ஐந்நூறு ரூபாய் சொச்சம்தான். ஆனால் பம்ப்செட்டுக்குக் காயில் கட்டுகிற கை சும்மா இருக்குமா? “இது என்ன பிரமாதம், காயில் சுற்றப் பன்னிரண்டு பல்” என்று உட்கார்ந்தேன்.

பிரமாதம்தான். பம்ப்செட்டில் நிற்கும் பகுதியான ஸ்டேட்டர் வெளியே, சுற்றும் பகுதியான ரோட்டார் உள்ளே. இதில் தலைகீழ். காயில் நடுவில் நிற்க, காந்தம் ஒட்டிய மூடி வெளியே சுற்றும். பன்னிரண்டு பல், பதினான்கு காந்தம். ஒரு ஃபேஸுக்கு நாலு பல், பக்கத்துப் பக்கத்துப் பல் இரண்டு இரண்டாக, ஒன்றை வலமாகச் சுற்றினால் அடுத்ததை இடமாகச் சுற்ற வேண்டும். முடி போன்ற மெல்லிய கம்பிகளை ஒரு கற்றையாகச் சேர்த்து, மூக்குத்தித் திருகாணியை மாட்டுகிற பொறுமையோடு ஒவ்வொரு பல்லாகச் சுற்றினேன். கடை சாத்திய பிறகு இரண்டு ராத்திரி. மாட்டி ஓட்டினால் சுற்றாமல் நின்ற இடத்தில் “ர்ர்ர்” என்று துள்ளுகிறது. எட்டாவது பல்லைத் திசை மாற்றிச் சுற்றியிருக்கிறேன். பிரித்துக் கட்டினேன். இப்போது சுற்றியது, ஆனால் ஒரு நிமிடத்தில் விரல் வைக்க முடியாத சூடு. இயந்திரத்தில் இறுக்கிச் சுற்றிய அளவு கம்பி என் கையில் அந்த இடுக்கில் ஏறவில்லை. ஒரு சுற்று குறைந்தாலும் கரண்ட் கூடும். தோல்வியை ஒப்புக்கொண்டு புது மோட்டாருக்குப் பணம் கட்டினேன். என் மோட்டார் கடை மேசையில் காகிதம் பறக்காமல் வைக்க உதவுகிறது.

புது மோட்டார் வந்து மாட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றியது. இதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. போர்வெல் மோட்டார் தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் தள்ளாவிட்டால் என்ன செய்வோம்? இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுப்போம். இங்கேயும் மூன்று வயரில் ஏதோ இரண்டை மாற்றி ஈயம் வைத்தேன், சரியாகிவிட்டது. முன் வலதும் பின் இடதும் இடஞ்சுழி, மற்ற இரண்டும் வலஞ்சுழி. இந்த எதிரெதிர்ச் சுழற்சி இல்லாவிட்டால் ட்ரோன் தன்னைத் தானே பம்பரமாகச் சுற்றிக்கொள்ளும்.

மற்ற மூன்று மோட்டாரும் உண்மையில் தப்பியதா என்று தெரிய வேண்டும். இறக்கை இல்லாமல் ஒவ்வொன்றாக ஓட்டி, திருப்புளியின் நுனியை மோட்டார் நிற்கும் ட்ரோன் கையில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். பேரிங் போன பம்புக்குச் செய்கிற அதே வைத்தியம். மூன்றாவது மோட்டாரில் மணல் அரைபடுவது மாதிரி ஒரு கரகரப்பு. பேரிங் இரண்டையும் மாற்றினேன். இறக்கைகளை ஊசியில் கோத்துச் சமன் பார்த்து, கனமில்லாத பக்கம் துளி டேப் ஒட்டினேன்.

இப்போது நான் அவமானத்தோடு எழுத வேண்டிய பத்தி. ஜிபிஎஸ் கம்பம் ஒடிந்ததே, அதற்குப் பதில் கடையில் கிடந்த பழைய குடைக் கம்பியை அளவாக வெட்டி மாட்டினேன். ஜிபிஎஸ் டப்பாவுக்குள்ளேயே திசைகாட்டியும் இருக்கிறது. காந்தத்தோடு காலந்தள்ளுகிற நான், திசைகாட்டிக்குக் கீழே இரும்புக் கம்பியை நட்டேன்! மேசையில் திசைகாட்டிச் சீரமைப்பு செய்தபோது மென்பொருள் முகம் சுளித்தது. இரண்டாம் தடவை எப்படியோ ஏற்றுக்கொண்டது. வயல்வெளிக்குப் போய் 3 மீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் பிடிப்பில் நிறுத்தினேன். நிற்கவில்லை. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது மாதிரி வட்டம் போட ஆரம்பித்தது. முதலில் ஒரு முழம், அடுத்த சுற்றில் இரண்டு முழம், அப்புறம் வாய்க்காலைத் தொடும் அகலம். ஜிபிஎஸ் “நீ வடக்கே தள்ளிப் போய்விட்டாய், தெற்கே வா” என்கிறது. திசைகாட்டி தெற்கைத் தவறாகக் காட்டுகிறது. திருத்தப் போய்த் திருத்தப் போய் வட்டம் பெருக்கிறது. சட்டென்று ஜிபிஎஸ் உதவி இல்லாத முறைக்கு மாற்றி, கையாலேயே தரையில் இறக்கினேன். அந்த சுவிட்சைத் தேடாமல் விரல் போனதுதான் அன்றைய ஒரே கெட்டிக்காரத்தனம்.

குடைக் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, மூங்கில் குச்சியைச் சீவி, நாலு விரற்கடை உயரத்தில் ஜிபிஎஸ்ஸை ஏற்றினேன். பேட்டரி வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன், அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். திருகுகளைப் பித்தளைக்கு மாற்றினேன். மறுபடி சீரமைப்பு, மறுபடி வயல்வெளி. இந்தத் தடவை கொக்கு மாதிரி நின்றது. அதிர்வுப் பதிவைத் திறந்தேன். 30க்குக் கீழே இருந்தால் நல்லது, 60க்கு மேல் போனால் உயரம் பிடிக்கும் கணக்கே குழம்பும் என்பார்கள். விபத்துக்கு முந்தைய பறத்தலில் மேல்கீழ் அதிர்வு 45 வரை இருந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. இப்போது 12. மரத்தில் மோதியது ஒரு வகையில் ஓவர்ஹால் செய்ய வைத்தது.

திரும்பும் உயரத்தை மாற்ற உட்கார்ந்தேன். கட்டத்தில் 30 என்று அடித்து, சேமிக்கும் பொத்தானுக்கு மவுஸை நகர்த்தும்போது, பழைய எண் 1500 என்று இருந்தது கண்ணில் பட்டது. சென்டிமீட்டர்! 30 என்று போட்டிருந்தால் மீட்டர் இல்லை, ஒரு அடி. 3000 என்று திருத்தினேன். 20 மீட்டர் மரத்துக்கு மேல் 10 மீட்டர் இடைவெளி, காற்றில் ஓலை அசைவதற்கும் ட்ரோன் கணிக்கும் உயரம் கொஞ்சம் பொய் சொல்வதற்கும் சேர்த்து. தொடர்பு அறும்போது என்ன ஆகும் என்பதையும் மேசையிலேயே சோதித்தேன். இறக்கை இல்லாமல், கணினியைப் பார்த்துக்கொண்டே ரிமோட்டை அணைத்தேன். திராட்டில் (வேகக் கட்டளை) எண் 975க்குக் கீழே விழுந்து, திரையில் எச்சரிக்கை வந்தது. ஃப்ளைஸ்கை ரிசீவரில் இதை நாமாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால், தொடர்பு அறுந்தாலும் கடைசியாக இருந்த நிலையையே பிடித்துக்கொண்டு ட்ரோன் போய்க்கொண்டே இருக்கும் வாய்ப்பு உண்டு. கடைசி நிலை முழு வேகம் என்றால் கோடியக்கரைப் பக்கம் போய்த்தான் தேட வேண்டும்.

மறுபடி தோப்புக்குப் போகும் முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடத்தையும் மறுபடி பார்த்தேன். டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசின் ட்ரோன் தளத்தில் எங்கள் தோப்பு பச்சை. பச்சை என்றால் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடையில் என்றால் அது 200 அடியாகக் குறையும். அந்த உயரத்தைத் தாண்டினால் மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தஞ்சாவூருக்கு ட்ரோனை எடுத்துக்கொண்டு போய் பெரிய கோயிலை மேலிருந்து ஒரு படம் எடுக்கலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் கவனிக்கவும். அந்த ஊரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, கோயிலோ தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மாட்டும். இன்றைக்குப் பச்சை என்பதால் நாளைக்கும் பச்சை என்று இல்லை. பெரிய தலைவர் யாராவது வந்தால், காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி 96 மணி நேரம் வரை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக்கலாம். அதனால் கிளம்புகிற அன்று பார்ப்பதுதான் கணக்கு.

வரைபடத்தில் வராத சிவப்புகள் சிலவற்றை நானே குறித்து வைத்திருக்கிறேன். வயலுக்குக் குறுக்கே போகும் மின்கம்பி, கேமராவில் தெரியவே தெரியாது, கம்பத்தைப் பார்த்துக் கோடு யூகிக்க வேண்டும். இரட்டைவால் குருவி கூடு கட்டியிருக்கும் மரம். சின்னக் கறுப்புக் குருவி, பருந்தையே விரட்டும், என் ட்ரோன் எம்மாத்திரம். அப்புறம் பக்கத்து வீட்டு அத்தையின் கொல்லை. முதல் வாரமே வேலியோரம் நின்று, “ஏம்ப்பா, பொம்பளைங்க புழங்குற இடத்துக்கு மேல இத விடுறியே, ஒனக்கே நல்லாருக்கா?” என்று கேட்டார். திரையைக் காட்டி, “ஒங்க வீட்டுப் பக்கம் கேமராவே திரும்பல அத்தை” என்றேன். “அது எனக்கு எப்புடித் தெரியும்?” என்றார். பதில் இல்லை. கீழே நிற்கிறவருக்குத் தெரிவது சத்தமும் ஒரு கண்ணும்தான். அதிலிருந்து அந்தக் கொல்லை இருக்கும் தெற்குப் பக்கம் போவதில்லை.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை, காற்று கிளம்பும் முன் ஏழு மணிக்குப் பறக்கவிட்டேன். இந்தத் தடவை தோப்புக்கு நடுவே, நாலு நெட்டை மரத்தையும் கண்ணால் பார்க்கிற மேட்டில் நின்றேன். மாமாவுக்கு ஒரே வேலை: திரையைப் பார்க்கக் கூடாது, ட்ரோனை மட்டும் பார்க்க வேண்டும், மரத்தை நெருங்கினால் கத்த வேண்டும். 5.2 ஆம்பியர் மணி பேட்டரி, நின்று பறக்க 15 ஆம்பியர் இழுக்கிறது. எண்பது சதவீதம் மட்டும் பயன்படுத்தினால் கணக்கில் 16 நிமிடம் வரும். நான் 12இல் இறக்கிவிடுவேன்.

25 மீட்டரிலிருந்து பார்த்தபோது வெள்ளை ஈ கதை வேறு மாதிரி தெரிந்தது. தோப்பு முழுக்க இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மேற்கு வரிசையில், பக்கத்துத் தோப்பை ஒட்டிய முப்பது மரம் போல, கீழ் மட்டைகள் கரி பூசினது மாதிரி கறுத்துக் கிடந்தன. கிழக்கே போகப் போகப் பச்சை. நாலு மரத்தில் குருத்து ஓலை கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோணமாக நறுக்கப்பட்டிருந்தது, அது காண்டாமிருக வண்டின் கையெழுத்து. அதைக் கீழிருந்து யாருமே பார்த்திருக்கவில்லை. மாமா திரையை எட்டிப் பார்க்க வந்தார். “மாமா, மேல பாருங்க!” என்று கத்தினேன். “பாக்குறேன், பாக்குறேன்” என்று அண்ணாந்தபடியே, “எந்த மரம்டா, வரிசை சொல்லு” என்றார். ஒட்டுமொத்தத் தோப்புக்கும் தண்ணீர் பீய்ச்சி மட்டையைக் கழுவ ஆள் பேசியிருந்தவர், மேற்கு முப்பதுக்கு மட்டும் வரச் சொல்லிவிட்டார்.

நாலு நெட்டை மரங்களின் கொண்டையையும் பார்த்தேன். ட்ரோன் மாட்டிய மரத்தில், முறிந்த மட்டைக்குக் கீழே, என் சிவப்பு இறக்கையின் துண்டு ஒன்று பன்னாடையில் செருகியபடி இன்னும் இருக்கிறது.

அதற்குள் விஷயம் பக்கத்துத் தோப்புக்குப் போய்விட்டது. சாயங்காலம் மாமா கடைக்கு வந்தார். “மாப்ளே, அவர் தோப்பையும் ஒரு தடவ பாத்துச் சொல்லுவியாம். ஐந்நூறு ரூவா தர்றேங்குறாரு.”

“காசு வாங்கக் கூடாது மாமா. வாங்கினா சான்றிதழ் வேணும், பயிற்சிக்குப் போகணும்.”

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப ரெண்டு கொல இளநி வெட்டித் தரச் சொல்றேன். அதுக்கு என்ன சட்டம்?”

அன்று இரவு விதிகளை மறுபடி திறந்து, இளநீர் எந்தக் கணக்கில் வரும் என்று தேடினேன். இல்லை. ஆனாலும் பக்கத்தில் இருக்கிற பயிற்சி மையம் எது என்று அப்படியே பார்த்து வைத்திருக்கிறேன்.